நாலடி உயரத்திலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்

முரட்டுப் பயன்பாட்டுக்கு என்று விற்கப்படும் ஹார்ட் டிஸ்க்குகளின் பெட்டியில் ‘1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்’ என்ற வாசகம் அடிக்கடி தென்படும். ஒரு மீட்டர் என்றோ ஒன்றரை மீட்டர் என்றோ சொல்லாமல் அதென்ன 1.2? அடிக்கணக்கில் பார்த்தால் விடை கிடைக்கும். நாலடி, அதாவது 48 அங்குலம். அமெரிக்க ராணுவத்தின் சோதனைக் கையேட்டில் நெடுங்காலமாக இருக்கும் எண் அது.

1962இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட அந்தக் கையேட்டின் பெயர் மில்-எஸ்டிடி-810. வெயில், உறைகுளிர், மழை, மணற்காற்று, உப்புக்காற்று, அதிர்வு, வீழ்ச்சி என்று ஒரு ராணுவச் சாதனம் படக்கூடிய பாடுகளை எல்லாம் ஆய்வகத்தில் எப்படி வரவழைப்பது என்று அது விவரிக்கிறது. பலமுறை திருத்தப்பட்டு 2019இல் ‘எச்’ பதிப்பு வரை வந்துவிட்டது. கையில் தூக்கிச் செல்லும் சாதனங்களுக்கான வீழ்ச்சிச் சோதனையில் பொருளை 26 முறை போட வேண்டும். ஒரு பெட்டிக்கு 6 முகம், 12 விளிம்பு, 8 மூலை, கூட்டினால் 26. விழும் தரை, கான்கிரீட்டின் மேல் போட்ட 2 அங்குல பிளைவுட்.

இதே கையேட்டில் ஒரு சலுகையும் உண்டு. 26 வீழ்ச்சிகளையும் ஒரே பொருள் தாங்கியாக வேண்டும் என்பதில்லை. ஐந்து பொருள்கள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம். தவிர, தேர்ச்சிச் சான்றிதழ் தரும் அலுவலகம் என்று ஒன்று கிடையாது. எந்தச் சோதனையை எந்த அளவில் செய்வது என்பதைச் சாதனத்தின் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும்படி கையேடே சொல்கிறது. ராணுவத்துக்குள் அது நியாயமான ஏற்பாடு. கடைத்தெருவுக்கு வந்த பிறகு ‘ராணுவத் தரம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் பெட்டியில் மிஞ்சின.

இதுவரை பார்த்தது வெளியிலிருந்து படும் அடியை. உள்ளே சுழலும் தட்டின் கதை வேறு. அது இதைவிடப் பழையது.

1956 செப்டம்பரில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், நோட்ர டாம் தெருவிலிருந்த ஆய்வகத்தில் ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், நிமிடத்துக்கு 1,200 சுற்று, ஒரு டன்னுக்கு மேல் எடை. அத்தனைக்கும் சேர்த்துக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 3.75 மெகாபைட். தட்டின் மீது காந்தப் பூச்சு ஏற்ற, இரும்பு ஆக்சைடு கலந்த வண்ணத்தைப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் வடிகட்டி, சுழலும் தட்டின் நடுவில் கோப்பையால் ஊற்றினார்கள். அது தானாக வெளிப்பக்கம் பரவிச் சீரான படலமாகியது.

படிக்கும் முனையைத் தட்டில் உரசவிட்டால் பூச்சு தேய்ந்துபோகும். எனவே கம்ப்ரசர் வைத்து, முனை வழியாகவே காற்றை ஊதி, தட்டுக்கு மேலே சுமார் 20 மைக்ரான் உயரத்தில் அதை மிதக்கவிட்டார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஹார்ட் டிஸ்க்கின் உறுதி என்று பேசும்போதெல்லாம் கடைசியில் இந்த இடைவெளியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. கொள்ளளவு கூட வேண்டுமானால் முனை தட்டுக்கு நெருங்கி வர வேண்டும். நெருங்க நெருங்க ஒரு தூசி, ஒரு குலுக்கல், ஒரு சிகரெட் புகைத்துகள்கூட எமனாகும். முனை தட்டில் மோதினால் பூச்சு உரிந்து, அங்கிருந்த தகவல் தூளாகப் பறந்துவிடும். இன்று அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியோடு ஹார்ட் டிஸ்க் பயணப்பைக்குள் ஏறியிருக்கிறது என்பதே வியப்பு.

1961இல் வந்த ஐபிஎம் 1301இல் கம்ப்ரசர் போய்விட்டது. தட்டு சுழலும் வேகத்தில் கூடவே இழுபடும் காற்றுப்படலமே முனையைத் தூக்கிப் பிடித்தது. அடுத்த ஆண்டு வந்த 1311இல் தட்டு அடுக்கை மட்டும் கழற்றி எடுத்துப்போகலாம். எடை சுமார் 10 பவுண்டு. கையில் எடுத்துச் செல்லும் டிஸ்க் என்ற யோசனைக்கு அதுவே மூத்த முன்னோடி. ஆனால் தட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அறையின் தூசி உள்ளே போகும். இந்தத் தொல்லைக்கு 1973இல் ஐபிஎம் 3340 பதில் சொன்னது. கென்னத் ஹாட்டன் தலைமையில் உருவான அதற்கு ‘வின்செஸ்டர்’ என்பது செல்லப்பெயர். 30 மெகாபைட் கொண்ட இரண்டு பகுதிகளாகத் திட்டமிட்டதால் 30-30 துப்பாக்கியின் பெயர் ஒட்டிக்கொண்டது. தட்டையும் முனையையும் ஒரே பேழைக்குள் வைத்து மூடிவிட்டார்கள். மின்சாரம் நின்றால் முனை, மசகு பூசிய தட்டின் மேலேயே மெதுவாக இறங்கி உட்கார்ந்துவிடும். சுழலும் தட்டு வைத்த எல்லா டிஸ்க்கும் இன்றுவரை வின்செஸ்டரின் வாரிசுதான்.

அந்த வாரிசு வேகமாகச் சுருங்கியது. 1980இல் சீகேட் நிறுவனத்தின் முதல் டிஸ்க் 5.25 அங்குலம், 5 மெகாபைட். 1983இல் ஸ்காட்லாந்தின் ரோடைம் 3.5 அங்குலத்துக்குக் கொண்டுவந்தது. 1988இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருந்த பிரெய்ரிடெக் 2.5 அங்குலத்துக்கு இறங்கியது. மடிக்கணினிக்குள் டிஸ்க் போனதும் கேள்வி மாறிவிட்டது. அதுவரை மேசையில் அசையாமல் இருந்த பொருள் இனி பேருந்தில் குலுங்கும், படுக்கையிலிருந்து விழும்.

முனை தட்டின் மேலேயே உட்காரும் ஏற்பாட்டில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. வழவழப்பான இரு பரப்புகளும் ஒட்டிக்கொண்டு, மறுபடி சுழல மறுக்கும். பெட்டி அதிர்ந்தால் முனை துள்ளித் தட்டைக் கொத்தும். தட்டின் விளிம்புக்கு வெளியே சிறிய பிளாஸ்டிக் சரிவு ஒன்றை வைத்து, ஓய்வு நேரத்தில் முனையை அதன்மேல் ஏற்றி நிறுத்துவது இதற்குத் தீர்வாயிற்று. பிரெய்ரிடெக் தொடங்கி வைத்த இந்த முறை 1990களின் பிற்பகுதியில் ஐபிஎம் மடிக்கணினி டிஸ்க்குகள் வழியாகப் பரவலானது. முனை தட்டின் பக்கத்திலேயே இல்லையென்றால் எவ்வளவு குலுக்கினாலும் மோத வழியில்லை. வெளியே சுற்றும் ரப்பர் உறையைவிட இந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு காப்பாற்றிய கோப்புகள் அதிகம் என்று தயங்காமல் சொல்லலாம்.

வீழ்ச்சியைத் தாங்குவதையே விற்பனைக் கோஷமாக்கிய முதல் முயற்சிகளில் ஒன்று தோல்வியில் முடிந்தது. 1992இல் ஹியூலெட்-பேக்கார்ட் ‘கிட்டிஹாக்’ என்ற 1.3 அங்குல டிஸ்க்கைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 20 மெகாபைட். மூன்றடி உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்தாலும் தப்பிக்கும் என்றார்கள். காரின் ஏர்பேக்கில் உள்ளதுபோல அதிர்ச்சியை உணரும் கருவி ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். கையடக்கக் கணினிகள் சந்தையை நிரப்பும் என்பது கணக்கு. அந்தச் சந்தை வரவில்லை. வந்த வாடிக்கையாளர்களோ விலை குறைந்த எளிய டிஸ்க்கைக் கேட்டார்கள். இவ்வளவு உறுதி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1994இல் கடையைக் கட்டினார்கள். ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் வழியாகக் கிட்டிஹாக் மேலாண்மை வகுப்புகளின் பாடமாகிப் புகழ்பெற்றது.

அதன் யோசனை மட்டும் சாகவில்லை. 2003இல் ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் அசைவை உணரும் சில்லு ஒன்றை வைத்தது. கணினி விழத் தொடங்கியதும் முனையை ஓய்விடத்துக்கு இழுத்துவிடும். 2005இல் ஆப்பிளும் இதையே செய்தது. இதற்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு? 75 செ.மீ. உயர மேசையிலிருந்து தரையைத் தொட ஒரு பொருளுக்கு 0.4 நொடிகூட ஆகாது. அதற்குள் விழுகிறோம் என்று உணர்ந்து, எழுதுவதை நிறுத்தி, முனையை ஒதுக்க வேண்டும்.

அதே 2005இல்தான் பிரான்சைச் சேர்ந்த லாசி நிறுவனத்தின் ‘ரக்டு’ வெளிவந்தது. பாரிஸில் வாழும் ஸ்காட்லாந்துக்காரரான நீல் பூல்டன் வடிவமைத்தது. அலுமினிய ஓடு, அதைச் சுற்றி ஆரஞ்சு நிற ரப்பர் வளையம். படப்பிடிப்புத் தளங்களிலும் செய்தியாளர் பைகளிலும் அது பரவிய விதத்தில் வடிவமைப்பின் பங்கு பாதி. தேவையின் பங்கு பாதி. ஃபிலிம் சுருள் போய் டிஜிட்டல் கேமரா வந்த காலம் அது. ஒரு நாள் உழைப்பு முழுவதும் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. அந்தப் பெட்டி ஜீப்பின் பின்னிருக்கையில் உருண்டது. 2012இல் லாசியைச் சீகேட் வாங்கிய பிறகும் ஆரஞ்சு வளையம் மாறவில்லை.

அந்த வளையம் வெறும் அழகு அல்ல. கணக்குப் போட்டால் புரியும். விழும் பொருள் சந்திக்கும் அதிர்ச்சியைப் புவியீர்ப்பின் மடங்காக, ‘ஜி’ என்ற அலகில் சொல்வார்கள். தோராயமாக, விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் சராசரி ஜி கிடைத்துவிடும். 1.2 மீட்டரிலிருந்து விழுந்த உலோகப் பெட்டி கான்கிரீட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றால் 1,200 ஜி. ரப்பர் நசுங்கி 5 மி.மீ. இடம் கொடுத்தால் அதே வீழ்ச்சி 240 ஜி. மடிக்கணினி வகை 2.5 அங்குல டிஸ்க்குகளின் விவரத்தாளில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும்: இயங்காத நிலையில் 1,000 ஜி, இயங்கும்போது 350 அல்லது 400 ஜி. மில்லிமீட்டர் கணக்கில்தான் டிஸ்க்கின் உயிர் ஊசலாடுகிறது. இந்த அளவு டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது என்பது இன்னொரு சேதி. எல்லை மீறி விழுந்த டிஸ்க்கைக் காதருகே ஆட்டினால் உடைந்த சில்லுகளின் சத்தம் கேட்கும்.

இயங்காத நிலை, இயங்கும் நிலை என்ற இந்தப் பிரிவுதான் மொத்த விளம்பரத்தின் முடிச்சு. பெட்டியில் போட்ட 1.2 மீட்டர், பெரும்பாலும் கேபிள் கழற்றி, முனை சரிவில் ஏறித் தூங்கும் டிஸ்க்குக்கானது. நிஜத்தில் டிஸ்க் எப்போது விழுகிறது? மடிக்கணினியோடு கேபிளில் கட்டுண்டு, படம் நகலாகிக்கொண்டிருக்கும்போது யாராவது கேபிளில் கால் தடுக்கும்போது. அந்த நேரத்துக்கு உத்தரவாதம் தரும் வாசகத்தைக் காண்பது அரிது.

தண்ணீர், தூசி விஷயத்தில் நிலைமை கொஞ்சம் தெளிவு. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின் ‘ஐபி’ எண்களில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 என்றால் ஓரளவு தூசியும் எல்லாப் பக்கத் தெறிப்பும் தாங்கும். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். மெரினாவின் உப்புத் தண்ணீருக்கு அந்த எண் பொறுப்பேற்காது.

உயரமும் ஒரு சோதனை. முனை மிதக்கக் காற்று வேண்டும் என்பதால் சாதாரண டிஸ்க்குகளில் வடிகட்டியோடு ஒரு சுவாசத் துளை இருக்கும். இயங்கும் உயர வரம்பு பொதுவாக 3,048 மீட்டர். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் கவலை இல்லை. 3,500 மீட்டர் உயரத்திலிருக்கும் லே நகரில் டிஸ்க்கைச் சுழலவிடுவது தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டுவதாகும்.

கையேட்டில் இல்லாத சோதனைகளும் நடந்திருக்கின்றன. 2008இன் இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், இயங்கிக்கொண்டிருந்த டிஸ்க் வரிசையின் முன் நின்று உரக்கக் கத்தினார். அந்த நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் எகிறியதைத் திரையின் வரைபடம் காட்டியது. சிரிப்பூட்டிய அந்தக் காணொளியின் பாடத்தை 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கி பெரும் விலை கொடுத்துக் கற்றது. தரவு மையத்தில் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. மந்த வாயு பீறிட்ட சத்தம் 130 டெசிபெல்லைத் தாண்ட, அந்த அதிர்வில் டிஸ்க்குகள் சேதமாகி ஏடிஎம், அட்டை, இணையச் சேவை எல்லாம் சுமார் 10 மணி நேரம் முடங்கின. தீயே இல்லை; தண்ணீரும் இல்லை.

எதிர்முனையில் கொலம்பியா விண்ணோடம். 2003 பிப்ரவரி 1 அன்று அது வானில் சிதறியபோது, ஸெனான் வாயுவின் பிசுபிசுப்பை அளந்த ஆய்வின் தரவு இருந்த டிஸ்க்கும் கீழே விழுந்தது. சுமார் ஆறு மாதம் கழித்து வறண்ட ஏரிப்படுகையில் அதைக் கண்டெடுத்தார்கள். மின்னணு அட்டை கருகி, காப்பு வளையம் உருகி, உள்ளே அழுக்குப் புகுந்திருந்தது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனம் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிஸ்க்கில் பொருத்தி, ஏறக்குறைய 99 சதவீதத் தரவை மீட்டது. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது, சேதம் பட்டது எழுதாத பகுதியில் என்பது அதிர்ஷ்டம். அடர்த்தி குறைந்த பழைய தலைமுறை டிஸ்க் என்பதும் உதவியது. 2008இல் ஆய்வு முடிவு இயற்பியல் இதழில் வெளியானது. அதே விண்ணோடத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றும் தேறவில்லை.

வேகச் சோதனையின் வரலாறு இவ்வளவு சாகசமானதல்ல. ஏமாற்றம் அதில் அதிகம். ராமாக்கில் ஒரு பதிவைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி ஆனது. நிமிடத்துக்கு 5,400 சுற்று ஓடும் இன்றைய கையடக்க டிஸ்க்குக்கு ஏறத்தாழ 17 அல்லது 18 மில்லிநொடி. அறுபது ஆண்டுகளில் கொள்ளளவு 3.75 மெகாபைட்டிலிருந்து 5 டெராபைட்டாகி 13 லட்சம் மடங்கு பெருகியது; தேடும் வேகம் 35 மடங்குக்கு மேல் கூடவில்லை. சுழலும் தட்டும் நகரும் கையும் இயந்திரங்கள். அவற்றை ஓரளவுக்கு மேல் விரட்ட முடியாது.

வெளி டிஸ்க்குகளில் வெகுகாலம் கேபிள்தான் சோதிக்கப்பட்டது. யூஎஸ்பி 1.1இன் உச்சமே நொடிக்கு ஒன்றரை மெகாபைட். 2000இல் வந்த யூஎஸ்பி 2.0 நடைமுறையில் 30, 35 மெகாபைட் தந்தது. அதனால்தான் முதல் ரக்டுகளில் ஃபயர்வயர் என்ற வேறு வகைக் கேபிளுக்கான துளையும் இருந்தது. 2008இன் யூஎஸ்பி 3.0 கேபிள் தடையை நீக்கியதும் டிஸ்க்கின் குணம் அம்பலமானது. தட்டின் வெளிச்சுற்றில் வேகம் அதிகம், உள்சுற்றில் ஏறக்குறைய பாதி. எனவே காலி டிஸ்க்கில் எடுத்த அளவை வைத்து, நிரம்பிய டிஸ்க்கை எடைபோட முடியாது.

பிறகு வந்தது இன்னொரு தந்திரம். கூரை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வேய்வதுபோலத் தடங்களை ஒன்றின் விளிம்பில் மற்றொன்று படியும்படி எழுதினால் கொள்ளளவு கூடும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்ற அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். இந்தச் சிரமத்தை மறைக்க டிஸ்க் ஒரு சிறு பகுதியை வேகமான முன்னறையாக ஒதுக்கிக்கொள்கிறது. ஒரு ஜிகாபைட் கோப்பை வைத்துச் சோதித்தால் அருமையான எண் கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டைத் தொடர்ந்து ஊற்றினால் முன்னறை நிரம்பி வேகம் சரியும். 2020 ஏப்ரலில், மேசைக்கணினிக்கும் வலையமைப்புச் சேமிப்புக்குமான சில டிஸ்க்குகளில் இந்த முறையைச் சொல்லாமல் புகுத்தியிருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. சீகேட், தோஷிபா பெயர்களும் அடிபட்டன. தயாரிப்பாளர் நேர்மையாகச் சொல்லியிருந்தால் குறைந்த விலைக்கு ஏற்ற நல்ல நுட்பம்தான் அது.

ஆயுள் விஷயத்தில் உருப்படியான சோதனை, டிஸ்க்கைப் போட்டு உடைப்பதில் நடக்கவில்லை. எண்ணிப் பார்ப்பதில் நடந்தது. 2007 பிப்ரவரியில், ராமாக் பிறந்த அதே சான் ஹோசேயில் நடந்த மாநாடு ஒன்றில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தது. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், சுயகண்காணிப்பு அமைப்பில் எந்த எச்சரிக்கையும் இல்லாமலே செத்திருந்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியங்கா ஷ்ரூடரும் கார்த் கிப்சனும் விவரத்தாளின் ‘10 லட்சம் மணி நேர’ ஆயுளை நிஜத்தோடு ஒப்பிட்டார்கள். தாள்களின்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுதாகக் கூடாது. நடந்ததோ பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம், சில இடங்களில் 13 வரை.

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்ததும் வீழ்ச்சிச் சோதனையின் மவுசு குறைந்திருக்க வேண்டும். லாசி 2019இல் கொண்டுவந்த ரக்டு எஸ்எஸ்டிக்கு ஐபி67, 3 மீட்டர் வீழ்ச்சி, 2 டன் வண்டியின் அழுத்தம் என்று எண்கள் இன்னும் ஏறின. ஆனால் 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வகைக் கையடக்க எஸ்எஸ்டிகள் சில, விழாமலே நனையாமலே தரவை இழந்தன. பயனர்களின் புகாருக்குப் பிறகு உள்நிரலுக்குத் திருத்தம் வந்தது. அமெரிக்காவில் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அந்த எஸ்எஸ்டிகளும் தூசி, தண்ணீர், வீழ்ச்சி தாங்கும் என்ற வாசகங்களோடு விற்கப்பட்டவைதான்.

ரப்பர் உறைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் தவறில்லை. வெளியூர் வேலைக்கு அது உதவும். வாங்கியதும் டிஸ்க்கை ஒருமுறை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்துவிடுங்கள். ஜெர்மனியின் ‘சி டி’ கணினி இதழ் இலவசமாகத் தரும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரல் இதைச் செய்கிறது. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிச் சரக்கு, நிரம்பும்போது தடுமாறும் டிஸ்க், தொடக்கத்திலேயே பழுதான டிஸ்க் ஆகிய மூன்றும் ஒரே சோதனையில் பிடிபடும். பிறகு, விழுந்தால் என்ன என்பதை விட்டுவிட்டு, இது நாளையே செத்தால் என்ன என்று கேளுங்கள். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்குப்படி மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு பிரதி வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். ரப்பர் உறைக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பாதியை, இரண்டாவது பிரதியை வைக்கும் டிஸ்க்குக்கு ஒதுக்குங்கள். வேறு கம்பெனியில் வாங்குங்கள்.